வேனின் கம்ப்யூட்டர் பெட்டி: ஜூன் குறிப்புகள்

2025 ஜூன் 7

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஸ்கேனரைச் செருகினால் மற்றப் பெட்டிகள் எல்லாம் பேசுகின்றன, எஞ்சின் கம்ப்யூட்டர் மட்டும் மௌனமாக இருக்கிறது. "பெட்டி போய்விட்டது தம்பி, கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடைகளில் ரீகண்டிஷன் ஒன்று எடுத்துப் போடுவோம்" என்று ஹட்டன் கராஜில் பாஸ் (மெக்கானிக்) ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். அது எதனால் செத்தது என்று அறியாமல் இன்னொன்றைச் செருகினால் அதுவும் அதே வழியில் போகும் என்று நான் அஞ்சுகிறேன்.

ஜூன் 8

மழை விடவில்லை. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு வயரிங்கைச் சோதித்தோம். பெட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, பியூஸ்களில் குறையில்லை, பெட்டியின் கனெக்டருக்கு வர வேண்டிய மின்சாரமும் வருகிறது. மின்சாரம் பெட்டரிக்குத் திரும்பும் எர்த் வயரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தபோது மீட்டர் ஏறக்குறைய பூச்சியம் காட்டியதால் பாஸ் திருப்தி அடைந்துவிட்டார். மீட்டர் அந்தச் சோதனைக்கு மிகச் சிறிய மின்னோட்டத்தையே செலுத்துகிறது என்பதால், ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் வயர் நல்லது என்றுதான் அது சொல்லும். 21 வாட் பல்பு ஒன்றைச் சுமையாக இணைத்து மறுபடியும் அளக்கச் சொன்னேன். எர்த் பக்கத்தில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது, இங்கே 0.9 இழந்தது.

சென்ற மாதம் வேனின் படிக்கட்டுக்கு வெல்டிங் வைத்தார்கள். பெட்டரியைக் கழற்ற வேண்டாமா என்று நான் கேட்டதற்குத் தேவையில்லை என்று அந்தக் கடையில் சொன்னார்கள்.

ஜூன் 9

எஞ்சினையும் வேனின் பொடியையும் (இரும்பு உடலையும்) இணைக்கும் எர்த் பட்டி பச்சை பிடித்து, போல்ட்டின் அடியில் அறுந்திருந்தது. அதைப் புதிதாகப் போட்டு, அடிப்பகுதியில் பெயின்ட்டைச் சுரண்டி வெற்று இரும்பில் இறுக்கிய பின் இழப்பு 0.05க்கு இறங்கியது. கெட்ட எர்த் ஒன்றே நல்ல பெட்டியைச் செத்ததாகக் காட்டக்கூடும் என்பதால் சற்று நம்பினேன். பெட்டி எழவில்லை. சென்சார்களுக்குப் பெட்டி தரும் 5 வோல்ட்டும் வரவில்லை. ஷோர்ட் ஆன சென்சார் ஒன்று அதை இழுத்துக் கீழே தள்ளலாம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றியும் வரவில்லை. இப்போதுதான் பெட்டி செத்தது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 10

பொசன் போயா, பௌத்தர்களின் முழுமதி விடுமுறை நாள். கடைகள் இல்லை.

ஜூன் 12

கொழும்பிலிருந்து வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். எங்கள் வேனைப் போன்ற டொயோட்டாக்களின் எஞ்சின் கம்ப்யூட்டர்களுக்குப் பாக எண் 89661 என்று தொடங்கும். அதன் பிறகு வரும் எண்களும் ஒத்திருக்க வேண்டும், இதில் ஒத்திருக்கவில்லை. கனெக்டர் பொருந்துகிறதே என்று பாஸ் வருத்தப்பட்டார். ஓட்டோ கியருக்கென எழுதப்பட்ட பெட்டிக்கும் கைகியர்ப் பெட்டிக்கும் ஒரே கனெக்டர் இருக்கலாம், உள்ளே எழுதியிருப்பது வேறாக இருக்கும் என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு மலையகத்தில் பழைய வண்டிகளை இப்படித்தான் இழுத்துக்கொண்டு வருகிறோம். அதனாலேயே அவசரம் கூடாது.

ஜூன் 13

அக்காவுக்குப் பிரசவத் தேதி நெருங்குகிறது.

ஜூன் 15

தோட்டத்து லொறியிலிருந்து கேபிள் கொடுத்து ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று மாமா சொன்னார். அன்பினால் சொல்கிறார், ஆனால் லொறி 24 வோல்ட், வேன் 12 வோல்ட். மிஞ்சியிருக்கும் பெட்டிகளையும் அது எரித்துவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தேன்.

அந்த வெல்டிங் நினைவு இரவெல்லாம் வருகிறது. எர்த் பட்டி அறுந்திருந்ததால், வெல்டிங் மின்னோட்டம் பெட்டியின் மெல்லிய எர்த் வயர் வழியாகத் திரும்பியிருக்க வேண்டும்.

ஜூன் 17

சரியான எண்ணுள்ள பெட்டி கிடைத்தது, கண்டியில் பழைய பெட்டியைத் திறந்தும் பார்த்தார்கள்: போர்டில் எர்த் தடம் கருகியிருந்தது. நினைவுச் சில்லு பிழைத்திருந்ததால் சாவியின் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) தரவைப் படித்துப் புதியதில் எழுதிவிட்டார்கள். இல்லாவிட்டால் எஞ்சின் சாவியை அடையாளம் காணாமல் நின்றிருக்கும்.

மாலையில் பொருத்தவில்லை. குளிரில் வந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே பிரித்தால் அதன் மேல் ஈரம் படியும் என்பதால், பையோடு மேசையில் விட்டுவைத்தேன்.

ஜூன் 18

செருகுவதற்கு முன், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கின் சுருள்களையும் அளந்தோம், ஒன்றில் ஷோர்ட் இருந்தால் அவற்றை இயக்கும் புதிய பெட்டியின் டிரைவர் பகுதி முதல் சுற்றிலேயே எரிந்துவிடும். நான்கும் ஒரே அளவைக் காட்டின. பிறகு சாவியை எடுத்து, பெட்டரியின் நெகட்டிவ்வை முதலில் கழற்றி, ஏர்பேக் சுற்று அடங்குவதற்காக 90 விநாடி காத்திருந்தோம். உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின் சுமார் 3000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நமக்கு உறைக்கும், சில்லுகளோ அதற்கு வெகு முன்பே சேதப்படலாம். ஆகவே பொடியின் இரும்பைத் தொட்டுவிட்டு, கனெக்டர் ஊசிகளில் விரல் படாமல் செருகச் சொன்னேன். பாஸ் என் முகத்தைப் பார்த்தார், ஆனால் செய்தார். நெகட்டிவ் கடைசியாக ஏறியது.

விளக்கு எரிந்தது. ஸ்கேனரும் பேசியது.

இன்ஜெக்டர்களின் மேல் பொறித்திருக்கும் குறியீடுகளைப் புதிய பெட்டியில் இன்னும் எழுதவில்லை. அவை இல்லாமல் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் அளவு பிசகும். எழுதும்போது வோல்ட் இறங்காமலிருக்கச் சார்ஜரை இணைத்திருக்கிறோம், ஆனால் ஐந்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. பாஸ் சார்ஜர் இல்லாமலே தொடங்கலாம் என்கிறார். கரண்ட் வரட்டும் என்கிறேன்.