கட்டைவிரல் நிற்கும் இடத்தில் விளம்பரம்

பெங்களூருக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்காக வாடகை வீடு, பள்ளிச் சேர்க்கை, பேருந்து வழி, பண்டிகைக்கால ஊர்ப்பயணம் ஆகியவற்றைப் பற்றி எழுதும் ஓர் இணையதளத்தைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இதே போலத் தளம் நடத்தும் நண்பர்களை அல்சூர்ப் பக்கம் சந்திக்கும்போதெல்லாம் பேச்சு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: எந்த விளம்பர வடிவம் அதிகப் பணம் தரும்? வடிவத்தின் பெயரிலிருந்து தொடங்கினால் இதற்கு விடை கிடைப்பதில்லை என்பது என் கருத்து. படிப்பவரின் கண்ணும் கட்டைவிரலும் பக்கத்தில் எங்கே தங்குகின்றன என்பதைக் கவனித்து, அந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் என் தளத்தின் வருமானம் நிலையாக உயர்ந்தது.

தளங்களில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தமிழ்த் தளங்களுக்கு அதிகாரபூர்வமாகக் கிடைத்தது 2018 பிப்ரவரியில்தான். அதே மாதத்தில் விளம்பரங்களை எங்கே வைப்பது என்பதைத் தானே முடிவுசெய்யும் ஆட்டோ ஆட்ஸ் என்னும் தானியங்கி முறையும் வந்தது. ஒரு பக்கத்தில் மூன்று விளம்பரங்களே வைக்கலாம் என்றிருந்த பழைய வரம்பை கூகுள் அதற்கு முன்பே, 2016இல், நீக்கிவிட்டிருந்தது. இவை அடுத்தடுத்து வந்ததால், எவ்வளவு விளம்பரம் வைக்கிறோமோ அவ்வளவு பணம் என்ற எண்ணம் பலருக்கு வேரூன்றிவிட்டது. ஆனால் 2024இன் தொடக்கத்தில் ஆட்சென்ஸ் பணம் தரும் முறையே மாறியது. அதுவரை பெரும்பாலும் கிளிக்குக்குத் தந்துவந்தவர்கள், அதன்பின் விளம்பரம் காட்டப்படும் ஒவ்வொரு முறைக்கும் கணக்கிட்டுத் தரத் தொடங்கினார்கள். விளம்பரதாரர்களுக்கான கூகுள் ஆட்ஸ் சேவை வழியாக வாங்கப்படும் விளம்பரங்களில், விளம்பரதாரர் செலவிடும் தொகையில் சுமார் 68 விழுக்காடு தளத்துக்கு வருவது மட்டும் மாறவில்லை.

காட்டப்படுவதற்குப் பணம் என்றவுடன் அதிகம் காட்டினால் போதும் என்று தோன்றலாம். விளம்பரதாரர்கள் அப்படி வாங்குவதில்லை. துறையில் ஏற்கப்பட்ட அளவுகோலின்படி, ஒரு விளம்பரத்தின் பரப்பில் குறைந்தது பாதியாவது ஒரு நொடி தொடர்ந்து திரையில் இருந்தால்தான் அது பார்க்கத்தக்கதாகக் கொள்ளப்படும். வீடியோவுக்கு இது இரண்டு நொடி. 970×250 பிக்சல் போன்ற மிகப் பெரிய அளவுகளுக்குப் பரப்பில் 30 விழுக்காடு தெரிந்தால் போதும். ஆட்சென்ஸ் அறிக்கையில் ஆக்டிவ் வியூ என்ற பெயரில் வரும் எண் இதைத்தான் சொல்கிறது. யாரும் போய்ச் சேராத அடிப்பகுதியில் நாலைந்து விளம்பரங்களை அடுக்கினால், அந்த இடங்களின் ஆக்டிவ் வியூ சரியும். விளம்பர இடங்களுக்கு விளம்பரதாரர்கள் போட்டியிட்டு விலை கேட்கும் ஏலத்தில், சரிந்த இடத்துக்கு நல்ல விலை கேட்க ஆள் வராது. ஆகவே நான் முதலில் பார்ப்பது வருமானப் பத்தியை அன்று, இந்த எண்ணைத்தான்.

என் வாசகர்களில் மிகப் பெரும்பாலானோர் கைப்பேசியில் படிப்பவர்கள். அவர்கள் படிக்கும் சூழலை ஒருநாள் மெட்ரோவில் அருகிலிருந்தே பார்த்தேன். அல்சூர் நிலையத்தில் ஏறி மெஜஸ்டிக் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவர், சேலம் செல்லும் பேருந்துகளின் நேரத்தை ஏதோ ஒரு செய்தித் தளத்தில் தேடிக்கொண்டிருந்தார். கப்பன் பூங்காவை ஒட்டி ரயில் சுரங்கத்துக்குள் போனதும் இணைப்பு தடுமாறியது. எழுத்துகள் வந்துவிட்டன, விளம்பரம் வரவில்லை. அவர் நேரப் பட்டியலைத் தொட விரலைக் கொண்டுபோன கணத்தில் தலைப்புக்கு மேலே ஒரு பெரிய விளம்பரம் வந்து விழுந்து, எல்லாவற்றையும் கீழே தள்ளியது. "என்ன தம்பி இது, பஸ் நேரத்தைத் தொட்டா சேலைக் கடை தொறக்குது!" என்றவர், பின்பொத்தானை இரண்டு முறை அழுத்தி அந்தத் தளத்தைவிட்டே வெளியேறிவிட்டார்.

அந்தக் கிளிக்கால் யாருக்கும் ஆதாயமில்லை. தவறுதலாக விழும் கிளிக்குகளை கூகுள் கண்டறிந்து கழித்துவிடுகிறது. ஓரிடத்தில் அவை தொடர்ந்து விழுந்தால், அங்கே வரும் விளம்பரங்களுக்கு இரண்டாவது முறை அழுத்தி உறுதிசெய்யும் படியையும் சேர்த்துவிடுகிறது. பக்கம் குதிப்பதை அளக்கும் சிஎல்எஸ் என்ற மதிப்பு 0.1க்குள் இருந்தால்தான் நல்லது என்று கூகுள் வகுத்திருக்கிறது. அது தேடல் தரவரிசையிலும் கவனிக்கப்படுகிறது. இதற்குத் தீர்வு மிக எளியது. விளம்பரம் வரப்போகும் பெட்டிக்கு முன்கூட்டியே உயரத்தை ஒதுக்கிவிட வேண்டும். 300×250 வரும் இடமென்றால், அந்தப் பெட்டியின் குறைந்தபட்ச உயரம் 250 பிக்சல் என்று வடிவமைப்புக் கோப்பில் ஒரே வரி எழுதினால் போதும். விளம்பரம் தாமதமாக வந்தாலும் எழுத்து அசையாது. தலைப்புக்கு மேலே விளம்பரம் வைப்பதை நான் கைப்பேசியில் அறவே தவிர்க்கிறேன். அங்கே வரும் வாசகரின் விரல் கட்டுரையைத் தேடி உடனே கீழே போய்விடுவதால், ஆக்டிவ் வியூ எண்ணும் அந்த இடத்தில் குறைவுதான்.

பட்டை வடிவ விளம்பரத்தைக் கண் தானாகவே தாண்டிப் போகும் பழக்கம் புதிதன்று. இணையத்தின் முதல் பதாகை விளம்பரங்களில் ஒன்று 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் பட்டை வடிவில் வந்தது. 1998இலேயே பென்வே, லேன் என்ற ஆய்வாளர்கள் பதாகைகளைக் காணாமல் கடக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பெயர் சூட்டிவிட்டார்கள். மேலே பட்டை, பக்கவாட்டில் நெடும்பலகை என்ற பழைய அமைப்பு மேசைக்கணினியில் இன்றும் ஓரளவு பயன் தரலாம். கைப்பேசியில் பக்கவாட்டு என்று ஒன்றே இல்லை. அங்கே வைத்தவை எல்லாம் கட்டுரைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

என் தளத்தில் அதிகம் ஈட்டித் தருவது கட்டுரையின் பத்திகளுக்கு நடுவே வரும் விளம்பரம், அதாவது இன்-ஆர்ட்டிகிள் வடிவம். 300×250 அளவுக்குப் படைக்கப்பட்ட விளம்பரங்கள் ஏராளமாக இருப்பதால், அந்த இடத்துக்கு ஏலத்தில் போட்டியும் அதிகம். அதை எங்கே வைப்பது என்பதில் ஆங்கில வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுவது தமிழுக்கு ஒத்துவராது. இரண்டு பத்திக்கு ஒன்று என்பார்கள். நம் சொற்கள் நீளமானவை. ஒரு தமிழ்ப் பத்தி கைப்பேசியின் ஒரு திரையை முழுதாக நிரப்பிவிடும், சில சமயம் அதையும் தாண்டும். எனவே நான் பத்தியை எண்ணுவதில்லை, திரையை எண்ணுகிறேன். ஏறத்தாழ மூன்று திரைக்கு ஒரு விளம்பரம். ஒரு திரை 700 பிக்சல் உயரம் என்று கொண்டால், 2,100 பிக்சலில் 250 விளம்பரத்துக்குப் போகிறது. அதாவது 12 விழுக்காடு. கைப்பேசியில் பக்கத்தின் முதன்மை உள்ளடக்க உயரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் விளம்பரம் இருக்கக்கூடாது என்று நல்ல விளம்பரங்களுக்கான கூட்டமைப்பு (Coalition for Better Ads) வகுத்த வரம்புக்கு இது வெகு கீழே. அந்த வரம்பைத் தொடர்ந்து மீறும் தளங்களின் எல்லா விளம்பரங்களையும் குரோம் உலாவி மறைத்துவிடும். 2019 ஜூலை முதல் இது உலகெங்கும் நடப்பிலிருக்கிறது. திடீரென எழும் பாப்-அப், ஒலியோடு தானாக ஓடும் வீடியோ ஆகியவையும் அதே தடைப்பட்டியலில் உள்ளன என்பதால் அவற்றைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் பார்க்கிறேன். வாசகர் நின்று படிக்கும் பகுதிக்கு அடுத்தாற்போல், ஆனால் அவர் தொட வேண்டிய எதற்கும் நெருக்கமில்லாமல் விளம்பரம் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விளக்கும் பத்தி முடிந்த இடம் மிக நல்லது. அதைப் படித்தவர் ஒரு கணம் நின்று யோசிப்பார். நேர அட்டவணையின் நடுவிலோ, பதிவிறக்கப் பொத்தானுக்குப் பக்கத்திலோ வைப்பது கூடவே கூடாது. பொத்தானுக்குப் பக்கத்தில் வைப்பது ஆட்சென்ஸ் விதிகளுக்கும் முரணானது.

பட்டியல் பக்கங்களுக்கு, பட்டியலின் வரிசைக்கு இடையே வரும் இன்-ஃபீட், கட்டுரையின் முடிவுக்கு, பல விளம்பரங்களைக் கட்டங்களாக அடுக்கிக் காட்டும் மல்டிபிளெக்ஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறேன்; இரண்டும் சிறு வருமானத்தையே தருகின்றன, தொந்தரவும் இல்லை. திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஆங்கர் வடிவத்தை நான் ஆதரிக்கிறேன். அது எப்போதும் கண்ணில் இருப்பதால் ஆக்டிவ் வியூ எண் உயர்ந்திருக்கும். வேண்டாதவர் ஒரு தொடுதலில் மூடிவிடலாம்.

நிதானமாக முடிவெடுக்க வேண்டியது விக்னெட் என்னும் முழுத்திரை விளம்பரத்தைப் பற்றித்தான். வாசகர் நம் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில் அது வரும். ஆயிரம் பக்கப் பார்வைக்குக் கிடைக்கும் வருமானமான ஆர்பிஎம் அதனால் உயர்வது உண்மை. ஆனால் அந்த ஒற்றை எண்ணை நம்பக்கூடாது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஆயிரம் வருகையில் ஆளுக்கு இரண்டு பக்கம் வீதம் 2,000 பக்கங்கள் படிக்கப்படுகின்றன, ஆர்பிஎம் 50 ரூபாய் என்றால் வருமானம் 100 ரூபாய். விக்னெட்டைச் சேர்த்தபின் ஆர்பிஎம் 60 ஆகிறது, ஆனால் சலிப்புற்ற சிலர் இரண்டாவது பக்கத்துக்குப் போகாததால் மொத்தப் பக்கங்கள் 1,500 ஆகக் குறைகின்றன. வருமானம் 90 ரூபாய். அறிக்கையில் ஆர்பிஎம் ஏறியிருக்கும், கைக்கு வருவது இறங்கியிருக்கும். பள்ளிச் சேர்க்கைக் கட்டுரைகளைப் போல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்ந்து படிக்கும் பகுதிகளில் அதை நிறுத்திவைத்திருக்கிறேன். ஆட்டோ ஆட்ஸ் அமைப்பில் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே நிறுத்தவும், குறிப்பிட்ட பக்கங்களை விலக்கவும் வழியிருக்கிறது. அதை அப்படியே இயக்கிவிட்டுப் போகாமல் இந்த அமைப்புகளுக்குள் சென்று பார்ப்பவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எந்த மாற்றத்தையும் ஒரே நேரத்தில் பாதி வாசகர்களுக்குப் பழையதும் பாதிப் பேருக்குப் புதியதும் காட்டிச் சோதிப்பதே சரி. ஆட்சென்ஸின் எக்ஸ்பெரிமென்ட்ஸ் பகுதி அதற்காகவே இருக்கிறது. தீபாவளியை ஒட்டி விளம்பரதாரர்கள் தாராளமாகச் செலவிடுவார்கள். ஜனவரியில் கை சுருங்கும். அக்டோபரில் வைத்திருந்த வடிவத்தை ஜனவரியில் வைத்த வடிவத்தோடு ஒப்பிட்டு முடிவெடுத்தால், வடிவத்தைப் பற்றி எதுவும் தெரியவராது, பண்டிகையைப் பற்றித்தான் தெரியும்.

நேரடி விளம்பரத்தையும் ஒரு வடிவமாகவே நான் கருதுகிறேன். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் ஊருக்குச் செல்லும் பேருந்து பற்றிய கட்டுரைகளுக்கு வரும் கூட்டம், உள்ளூரில் பயண முகமை நடத்துபவருக்கு நேரடியாகவே மதிப்புள்ளது. அவரிடம் மாதத்துக்கு ஒரு தொகை பேசி, முதல் இன்-ஆர்ட்டிகிள் இடத்தைத் தரலாம். விலை பேசும்போது அந்த இடம் அதே மாதத்தில் ஆட்சென்ஸில் ஈட்டும் தொகையைக் கீழ்வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது. 'விளம்பரம்' என்று மேலே தெளிவாக எழுத வேண்டும். இணைப்பில், அது பணம் பெற்றுத் தந்த இணைப்பு என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு (sponsored) என்ற குறியையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தேடலில் தண்டனை வரக்கூடும். வரும் பொங்கலுக்கு என் பயணக் கட்டுரைகளில் முதல் இடத்தை இப்படி நேரடியாகத் தர ஒதுக்கியிருக்கிறேன். அதன் கீழே வரும் இடங்களும் ஆங்கரும் வழக்கம்போல் ஆட்சென்ஸுக்கே.