பட்டறைக்கு ஒரு மர அலமாரி

பின்கட்டில் என் கருவிகளுக்கென்று நானே ஒரு அலமாரி செய்து நிறுத்திவிட்டேன். மனசு நிறைந்திருக்கிறது.

சட்டமெல்லாம் பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய தேக்கு. பல வருஷம் காய்ந்த மரம், மதுரை வெயிலுக்கு லேசில் முறுக்காது. தட்டுக்கு 18 மி.மீ. பிளைவுட், ஐப்பசி மழையில் ஈரம் ஏறும் இடம் என்பதால் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது தட்டைப் பற்றித்தான். இது துணி வைக்கிற அலமாரி இல்லை. டிரில், சுத்தியல், ஆணி டப்பா, எல்லாமே கனம். தட்டின் நீளத்தைப் பாதியாக்கினால், அதே எடைக்கு வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் நடுவில் ஒரு பலகையை நெட்டுக்குத்தாகக் கொடுத்தேன். தட்டை ஸ்க்ரூவை மட்டும் நம்பித் தொங்கவிடாமல், பக்கப் பலகையில் 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, பசை தடவி உட்காரவைத்தேன். எடையை மரமே தாங்கும்.

குறுக்காக இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, சமமாக வந்த பிறகுதான் பின்பக்கத்தை அடைத்தேன். அதோடு ஆட்டம் நின்றது. கரையானுக்காகக் காலுக்கடியில் கல்.

அப்புறம், கதவு இன்னும் பாக்கி. திருமங்கலம் பக்கம் யாரிடமாவது பழைய தேக்குப் பலகை இருந்தால் சொல்லுங்கள்.