ஜெர்மனில இன்டக்ரேஷன் கோர்ஸ் டீச்சர் ஆகுறதுக்கு நான் பட்ட பாடு

பாம்ஃப் (ஜெர்மனியோட குடியேற்ற, அகதிகள் அலுவலகம்) கிட்டருந்து டீச்சர் அனுமதிக் கடிதம் கைக்கு வந்து, முதல் பேட்சுக்கு கிளாஸும் எடுக்க ஆரம்பிச்சாச்சு, இப்பதான் நிம்மதியா உக்காந்து எழுத முடியுது. ஊர்ல டீச்சரா இருந்துட்டு கல்யாணம் ஆகி இங்க வந்து வீட்ல இருக்கிற நம்ம பொண்ணுங்க நிறைய பேர், "நாமளும் இன்டக்ரேஷன் கோர்ஸ் எடுக்க முடியுமா, அதெல்லாம் ஜெர்மன்காரங்களுக்குத்தானே"ன்னு கேக்குறாங்க. முடியும். எங்கெங்க இடறும்னு முன்னாடியே தெரிஞ்சா எனக்கு வீணாப்போன மாசங்கள் உங்களுக்கு வீணாப்போகாது, அதுக்குத்தான் இது.

கோர்ஸ் பத்தி இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும், வெளிநாட்டுல இருந்து வந்து குடியேறினவங்களுக்கு நடத்துறது, 2005ல குடியேற்றச் சட்டத்தோட வந்தது, சாதாரண கோர்ஸ்னா 600 பாட நேரம் ஜெர்மன் மொழி, 100 பாட நேரம் ஓரியன்டேஷன், அதாவது இந்த நாட்டுச் சட்டம், வரலாறு, பண்பாடு. நான் எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட்., திருச்சில ஸ்கூல்ல வேலை பாத்தவ. இந்தப் படிப்ப வச்சு நேரா அனுமதி கிடைக்காது, ஜெர்மனை ரெண்டாவது மொழியா சொல்லிக்குடுக்குறதுக்கு தனியா ஒரு கூடுதல் பயிற்சி முடிக்கணும். ஜெர்மன் மொழில சி1ங்கிற மேல்நிலைப் பரீட்சை பாஸ் ஆச்சு, அதுல சொல்ல ஒண்ணுமில்ல, உக்காந்து படிச்சா வந்துரும். படிச்சு வராதது பேப்பர்தான்.

முதல்ல டிகிரிய மதிப்பீடு பண்ணணும், பான் நகரத்துல இருக்கிற ஸாப்ல (வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடுற அலுவலகம்), கட்டணம் 208 யூரோ. அதுக்கு ஒரிஜினல் டிகிரி சர்டிஃபிகேட் வேணும். நம்மள்ல பாதிப் பேர் கிட்ட இருக்கிறது புரொவிஷனல் மட்டும்தான். கான்வொகேஷனுக்குப் போகாதவங்க, ஊர்ல வேலைக்குச் சேரும்போது புரொவிஷனலே போதும்னு விட்டவங்க, எல்லாருக்கும் இதே கதை. என் தம்பிய யுனிவர்சிட்டிக்கு அனுப்பினேன், எந்த யுனிவர்சிட்டின்னு சொல்லல. கவுன்டர்ல இருந்தவர் "கேண்டிடேட் நேர்ல வரணும்"னாரு. அக்கா ஜெர்மனில இருக்காங்க சார்னு சொன்னா "அப்ப வரும்போது வாங்கிக்கட்டும்"னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாராம். நான் ஆதரைசேஷன் லெட்டர் எழுதி பாஸ்போர்ட் காப்பியோட அனுப்பினேன், அடுத்த தடவை டிடி எடுத்த பேரு சரியில்லன்னாங்க, மாத்தி எடுத்துட்டுப் போனா செக்ஷன் சார் லீவு. பாவம் தம்பி, ஒவ்வொரு தடவையும் ஆபீசுக்கு பர்மிஷன் போட்டுட்டு பஸ் ஏறிப் போவான். கடைசில வேற செக்ஷன்ல ஒரு சூப்பிரண்டெண்ட் அம்மா இவன் நிக்கிறதைப் பாத்துட்டு கூப்பிட்டு விசாரிச்சு, லெட்டர்ல எந்த வரி குறையுதுன்னு அவங்களே பென்சில்ல எழுதிக்குடுத்தாங்க. அந்த வரிய சேத்து அனுப்பினதும் சர்டிஃபிகேட் வந்துருச்சு. அவங்க நல்லா இருக்கணும். ஊருக்கு லீவுல போறவங்க முதல்ல இதை முடிங்க, நகை எடுக்குறதும் கோயிலுக்குப் போறதும் அப்புறம். அப்படியே கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டும் சேத்து வாங்கிருங்க, திரும்பவும் ஒருத்தரை அனுப்பி நிக்க வைக்காதீங்க.

அதுக்கப்புறம் வந்ததுதான் பெரிய வேதனை, பேரு. சர்டிஃபிகேட்ல என் பேருக்குப் பக்கத்துல ஒரு 'எஸ்', அவ்ளோதான், நம்ம ஊர் வழக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த பாஸ்போர்ட்ல அந்த எஸ் விரிஞ்சு அப்பா பேரு சர்நேம் ஆயிருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் புதுப்பிச்சதுல வீட்டுக்காரர் பேரு சர்நேம். நமக்கு மூணும் ஒரே ஆள். பயிற்சி நடத்துற ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஃபைல குடுத்தப்ப ஆபீஸ்ல இருந்த அம்மா மூணு பேப்பரையும் வரிசையா வச்சுப் பாத்துட்டு "இது மூணு பேரோட டாக்குமென்ட்"னு மொத்தக் கட்டையும் திருப்பிக் குடுத்துட்டாங்க. விளக்கிச் சொன்னேன், எங்க ஊர்ல குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்துதான் போடுவோம்னு. கேக்கவே இல்ல. அந்த பேட்ச்ல என் சீட்டு போச்சு. எனக்கு இன்னும் ஆறல. அந்தக் கட்டிடத்துலதான் எத்தியோப்பியால இருந்தும் எரித்ரியால இருந்தும் வந்தவங்க படிக்கிறாங்க, அவங்க ஊர்லயும் குடும்பப் பேரு கிடையாது, அப்பா பேருதான் பின்னாடி வரும். வெளிநாட்டுல இருந்து வந்தவங்கள இந்த சமூகத்துல சேத்துக்கிறதுதான் அந்த இடத்தோட வேலையே, அங்க வாசல்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வேண்டாமா? டீச்சருக்கு மட்டும் பயிற்சி குடுத்தா பத்தாது, ஆபீஸ்ல உக்காந்து பேரு எழுதுறவங்களுக்கும் குடுக்கணும், வர்றவங்க முதல்ல பாக்குறது அவங்க முகத்தைத்தான்.

வழி என்னன்னா, இந்தியத் தூதரகத்துல இதர சேவைகள்ல 'ஒன் அண்ட் தி சேம் பர்சன்' சர்டிஃபிகேட்னு கேட்டு வாங்குங்க, உங்க சர்டிஃபிகேட்டுலயும் பாஸ்போர்ட்டுலயும் இருக்கிற எல்லா விதமான பேரும், ஸ்பெல்லிங் வித்தியாசம் உட்பட, அதுல வரணும். பழைய பாஸ்போர்ட்ட தூக்கிப் போட்றாதீங்க. கல்யாண சர்டிஃபிகேட்டோட மொழிபெயர்ப்பையும் சேத்து வச்சு, இதை எல்லாத்துக்கும் மேல முதல் பக்கமா வச்சுக் குடுங்க. அப்படிக் குடுத்ததுக்கு அப்புறம் யாருமே என் பேரைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல.

இன்னொரு வீண் அலைச்சல் அட்டெஸ்டட் காப்பி. அந்த இன்ஸ்டிட்யூட்ல முத்திரை வச்ச நகல்தான் வேணும்னாங்க. நம்ம டிகிரில மேல தமிழ், கீழ இங்கிலீஷ். டவுன் ஆபீஸ்ல இருந்தவர் தமிழ் எழுத்தைப் பாத்ததுமே "எனக்குப் படிக்கத் தெரியாததுக்கு முத்திரை போட மாட்டேன்"னு அனுப்பிட்டாரு, அப்பாயின்ட்மென்ட்டுக்கு வாரக்கணக்கா காத்திருந்தது அப்படியே போச்சு. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். நிர்வாக நடைமுறைச் சட்டம் பிரிவு 33ன்னு ஒண்ணு இருக்கு, ஒரிஜினல் அரசு அலுவலகம் குடுத்ததா இருக்கணும், இல்லன்னா நகல் அரசு அலுவலகத்துக்குக் குடுக்கத் தேவைப்படணும், அப்பதான் அவங்க பொதுவா முத்திரை போடலாம். அவங்க பாக்குறது இதைத்தான். அதனால அடுத்த தடவை பாம்ஃப் விண்ணப்பப் படிவத்தையும் பிரின்ட் எடுத்துட்டுப் போனேன், இது இந்த அலுவலகத்துக்குப் போகுதுன்னு காட்டினேன், வேற ஒரு அதிகாரி, பாத்தாரு, முத்திரை வச்சாரு, முடிஞ்சது. எந்த நகலுக்குப் போனாலும் அது எங்க போகுதுன்னு காட்டுற ஒரு பேப்பர் கையில இருக்கட்டும்.

வேற ஒரு இன்ஸ்டிட்யூட்ல பயிற்சில சேந்தேன், நல்லாவே போச்சு, செமினார், போர்ட்ஃபோலியோ எல்லாம். எனக்கு நிறைய கத்துக்குடுத்தது அடுத்தவங்க கிளாஸ்ல பின்னாடி உக்காந்து பாத்த நாட்கள்தான். ஒரு மூத்த டீச்சர், புத்தகத்தை மூடி வச்சுட்டு அரசு அலுவலகமோ கோர்ட்டோ அனுப்புற ஒரு மஞ்சள் கவரை எடுத்து மேசைமேல போட்டாங்க. கிளாஸே அமைதியாயிருச்சு, ஏன்னா அங்க இருக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் அந்தக் கவர் வந்திருக்கு, பயந்து பிரிக்காம டிராயர்ல போட்டிருக்காங்க. கவர்மேல தபால்காரர் எழுதுற தேதியக் காட்டி, கெடு இந்தத் தேதில இருந்துதான் ஓடும், கவரைக் கிழிச்சுப் போடாதீங்க, உள்ள கடைசிப் பக்கத்துல ஆட்சேபிக்க எத்தனை நாள்னு போட்டிருக்கும், அதை முதல்ல படிங்கன்னு சொல்லி, அன்னிக்கு முழுக்க அந்த ஒரு லெட்டரை வச்சே இலக்கணம், தேதி சொல்றது, மரியாதையா பதில் எழுதுறது எல்லாம் நடத்திட்டாங்க. நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல யாராவது இப்படி சொல்லிக்குடுத்திருந்தா எத்தனை ராத்திரி தூங்கியிருப்பேன். பெரியவங்களுக்கு சொல்லிக்குடுக்கும்போது அவங்க வீட்டுக் கதவுல வந்து நிக்கிற பிரச்சனைதான் பாடம்னு அன்னிக்குத்தான் முழுசா புரிஞ்சுது.

எழுத்தறிவு கோர்ஸ் எடுக்கணும்னா அதுக்கு இன்னொரு தகுதி தனியா வேணும், எனக்கு இன்னும் இல்ல, ஆனா உள்ள போய்ப் பாத்தேன். அரபு எழுத்துல நல்லா படிச்சு எழுதத் தெரிஞ்சு லத்தீன் எழுத்து மட்டும் புதுசா இருக்கிறவங்க ஒரு ரகம், எந்த மொழியிலயும் பள்ளிக்கூடமே போகாதவங்க இன்னொரு ரகம். இவங்களை ஒரே மாதிரி நடத்தினா ரெண்டாவது ஆளுங்க வாய் திறக்காமலே கோர்ஸ விட்டு நின்னுருவாங்க. பென்சில் பிடிக்கிறதுக்கே வாரங்கள் வேணும், அந்த நேரத்தைக் குடுங்க. வீட்ல போய்ப் பழக ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேகாரங்களோட (பெரியவங்களுக்கான கல்வி நிலையம்) லேர்ன்போர்ட்டல்னு ஆன்லைன் தளம் இருக்கு, இலவசம், எழுத்துப் பயிற்சில இருந்து சி1க்கு முந்தின பி2 நிலை வரைக்கும் உண்டு, நீங்களே டியூட்டரா இருந்து அவங்க எழுதினதைத் திருத்தலாம்.

அனுமதி வந்ததுக்கு அப்புறமும் ஒரு இடத்துல இன்டர்வியூல "எங்க மாணவர்கள் ஜெர்மன்காரங்க சொல்லிக்குடுக்கணும்னு எதிர்பாப்பாங்க"ன்னு நேராவே சொன்னாங்க. அழுகையா வந்துச்சு, சி1 சர்டிஃபிகேட்டும் பாம்ஃப் கடிதமும் மேசைமேல இருக்கும்போதே. வேற இடத்துல வேலை கிடைச்சுது. அங்க முதல் வாரத்துலயே ஒரு எரித்ரியா அம்மா "டீச்சர், நீங்களும் அந்த 33 கேள்விப் பரீட்சை எழுதினீங்களா"ன்னு ஓரியன்டேஷன் முடிவுல வர்ற பரீட்சையைப் பத்திக் கேட்டாங்க. எழுதினேன், 310 கேள்வில இருந்துதான் எடுப்பாங்க, ஓரியன்டேஷன் பாஸுக்கு 15 போதும், குடியுரிமைக்கு 17 வேணும், நான் ராத்திரி சமையல் முடிச்சுட்டு படிச்சேன்னேன். அந்த அம்மா நிமிந்து உக்காந்தாங்க. அதுக்கப்புறம் தப்பா இருந்தாலும் கையத் தூக்கிப் பேசுறாங்க. இந்த வேலைக்கு நம்மளை மாதிரி ஆளுங்க வரணும்னு நான் விடாம சொல்றது இதுக்குத்தான்.

பணத்துல ஏமாறாதீங்க. பெரும்பாலும் ஹொனொரார் கான்ட்ராக்ட்தான், அதாவது ஊழியரா இல்லாம சுயதொழிலா எடுக்குறது, மணிக்கணக்குக் காசு பாக்க நல்லா இருக்கும், ஆனா உடம்புக்கு முடியலன்னு ஒரு நாள் படுத்தா ஒண்ணும் வராது, ஹெல்த் இன்சூரன்ஸையும் நீங்களேதான் பாத்துக்கணும். சுயதொழிலா சொல்லிக்குடுக்கிற டீச்சருக்கு, ஆள் வச்சு நடத்தலன்னா, பென்ஷன் காப்பீடு கட்டாயம், 18.6 சதவீதம் முழுசா நம்ம தலையில. நிறைய பேருக்கு இது தெரியாம பல வருஷத்துக்குச் சேத்து பில் வருது. ஆரம்பிச்ச மூணு மாசத்துக்குள்ள பென்ஷன் அலுவலகத்துக்கு எழுதிருங்க. 2022ல ஹெரன்பெர்க்ங்கிற ஊர் மியூசிக் ஸ்கூல் டீச்சர் வழக்குல, அவங்க சுயதொழில்காரர் இல்ல, ஊழியர்தான்னு சமூகக் காப்பீட்டு வழக்குகளுக்கான உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்ததுல இருந்து சில இடத்துல வேலை ஒப்பந்தமாவே குடுக்கிறாங்க, கேட்டுப் பாருங்க, கேக்கக் கூச்சப்படாதீங்க. இங்க தங்குறதுக்குக் குடுக்கிற அனுமதிக் கார்டுல வேலை செய்ய எந்தத் தடையும் இல்லன்னு போட்டிருக்கான்னும் பாத்துக்கோங்க. கணவரோ மனைவியோ வந்து சேந்த விசான்னா சுயதொழிலும் அதுல அடங்கும். ப்ளூ கார்டுல (படிச்சவங்களுக்கான வேலை அனுமதி) இருக்கிறவங்க சாயங்கால கிளாஸ் எடுக்கலாம்னு நினைச்சா, முதல்ல வெளிநாட்டவர் அலுவலகத்துல எழுத்துல அனுமதி வாங்கிட்டு கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுங்க.