சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்த பிறகு செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகள் 2008 முதல் அரசு வகுத்த வரிசைப்படிதான் பங்கிடப்படுகின்றன. இப்போது அதைக் கவனிப்பது ‘டிரான்ஸ்டான்’ என்ற தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். “பதிஞ்சாச்சு, இனி ஃபோன் வரும்” என்று உட்கார்ந்துவிடும் குடும்பங்களை, மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலையில் நிறையப் பார்க்கிறோம். வருஷக்கணக்கில் காத்திருந்து, முறை வந்த ராத்திரியில் வாய்ப்பைத் தவறவிடுகிறவர்கள் அவர்களில் அதிகம்.

நோயாளி தானாகப் பதிய முடியாது. உரிமம் உள்ள மருத்துவமனைதான் பதியும். அதற்கு முன் எக்கோ (இதய ஸ்கேன்), மார்பு எக்ஸ்ரே, பல், சிறுநீர்ப்பை என்று பரிசோதனைகள் நீளும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 2, 6 மாதங்களில், டயாலிசிஸ்காரர்களுக்கு இரட்டை அளவில் போடுவது. எனவே டயாலிசிஸ் தொடங்கும்போதே அதையும் தொடங்கிவிடுங்கள். பதிவுத் தேதிதான் சீனியாரிட்டி என்பதால் பரிசோதனையில் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் வரிசையில் இழக்கும் மாதம்.

வரிசை முதலில் இரத்த வகைப்படி, அப்புறம் தேதிப்படி. தனியார் மருத்துவமனையில் கொடையாளர் கிடைத்தால் ஒரு சிறுநீரகம் அந்த மருத்துவமனையின் பட்டியலுக்கு, இன்னொன்று பொதுப் பட்டியலுக்கு. அரசு மருத்துவமனையில் கிடைத்தால் அரசுப் பட்டியலில் இருப்பவர்களுக்கே முதல் உரிமை. ஆகவே எங்கே பதிகிறோம் என்பது முக்கியம். “போன வருஷம் இங்கே எத்தனை கொடையாளர்? என் குரூப்பில் எனக்கு முன்னால் எத்தனை பேர்?” என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். காய்ச்சலோ வேறு ஆபரேஷனோ வந்தால் பெயரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். குணமானதும் அதைத் திரும்ப இயங்க வைக்க மறந்துபோவது நடக்கிறது. மாதம் ஒருமுறை “என் பெயர் ஆக்டிவா இருக்கா?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் வாய்ப்பைக் கெடுப்பது தேவையில்லாமல் ஏற்றும் இரத்தம். மற்றவர் இரத்தம் ஏறும்போது, அந்நியத் திசுவைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) உடலில் உருவாகும். கர்ப்பமும் இதைச் செய்யும். கொடையாளரின் வெள்ளணுக்களோடு உங்கள் சீரத்தை (இரத்தத்திலிருந்து பிரிக்கும் தெளிந்த நீரை) சேர்த்து, அந்த எதிர்ப்பொருள்கள் தாக்குகின்றனவா என்று பார்ப்பதுதான் கிராஸ் மேட்ச். அது பாசிட்டிவ் என்றால் பட்டியலில் முதலிடத்தில் இருந்தாலும் அந்தச் சிறுநீரகம் உங்களுக்கு இல்லை. ஹீமோகுளோபின் குறைந்தால் இரும்புச்சத்து ஊசி, இரத்தம் ஊறத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசி என்று முதலில் பாருங்கள். இரத்தம் ஏற்றியே ஆக வேண்டுமென்றால் வெள்ளணு வடிகட்டிய இரத்தமாகக் கேளுங்கள். ஏற்றியதை ஒருங்கிணைப்பாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்துப் புதிய சீரம் எடுக்க வேண்டியிருக்கும்.

மூளைச்சாவை உறுதிசெய்ய மருத்துவர் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்கும். அப்புறம் குடும்பத்தின் ஒப்புதல். விபத்தென்றால் போலீஸ் விசாரணையும் உண்டு. அதனால் அழைப்பு நள்ளிரவிலும் வரும். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். மூன்று பேரின் எண்களாவது கொடுத்து வையுங்கள். கடைசி டயாலிசிஸ் எப்போது, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பார்கள். காய்ச்சலை மறைக்காதீர்கள், அன்றைக்கே எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்கும், உயிருக்கே ஆபத்து. ஃபோன் வந்த நிமிடத்திலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது.

ஒரு சிறுநீரகத்துக்குப் பலரைக் கூப்பிடுவார்கள். கிராஸ் மேட்ச் முடிவு வர நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். பையும் ஃபைலும் மடியில் வைத்துப் பட்டினியாக வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரிடம் விடியற்காலை “சேரலைம்மா, காபி குடிங்க” என்று சொல்வது எங்கள் வேலையில் மிகக் கடினமான வாக்கியம். கூப்பிட்டதாலேயே கிடைத்துவிடாது என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்.

எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்ந்த கரைசலால் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பைகளில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். 24 மணி நேரத்துக்குள் பொருத்தப் பார்ப்பார்கள். நேரம் கூடக் கூட அது விழித்துக்கொள்ளத் தாமதமாகும். ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் சிறுநீர் சரியாக வராமல் டயாலிசிஸ் தேவைப்பட்டால், தோற்றுவிட்டது என்று கலங்க வேண்டாம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) இருக்கும் கையில் பிபி பார்க்கவோ ஊசி போடவோ யாரையும் விடாதீர்கள்.