இராயக்கோட்டையில் இறங்கிய மதியம்

வேலை பெங்களூரில், வீடு தருமபுரியில். பன்னிரண்டு வருஷமாக இந்த ரயில் பாதையில் போய்வந்துகொண்டிருக்கிறேன். மாரண்டஹள்ளி தாண்டி வண்டி வளைந்து வளைந்து மேடேறும்போது தூங்குகிறவர்கள்கூட ஒரு தடவை கண்ணைத் திறந்து வெளியே பார்ப்பார்கள். அதற்கடுத்து இராயக்கோட்டை. ஊருக்கு மேலே மொட்டைப் பாறையாக ஒரு மலை, அதன்மேல் கோட்டைச் சுவர். வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும். "ஒருநாள் இறங்கிப் பார்க்கணும்" என்று நினைத்துக்கொள்ள அது போதும். இறங்கத்தான் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

பொங்கல் கழிந்த வாரம், லீவு மிச்சம் இருந்தது. அக்கா பையனும் கல்லூரி லீவில் வீட்டில் போனும் கையுமாகக் கிடந்தான். "வாடா மாப்ளே, ஒரு மலை ஏறிட்டு வரலாம்" என்றேன். "எந்த மலை மாமா, ஏற்காடா?" என்று எழுந்து உட்கார்ந்தான். இராயக்கோட்டை என்றதும் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் வந்தான்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்துக் கடைத்தெருவில் இறங்கும்போது மணி ஒன்று. முதல் வேலை சாப்பாடு. பலகை எதுவும் இல்லாத ஒரு மெஸ்ஸில் நுழைந்தோம். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் மார்கழி, தை என்றால் பிதுக்கம்பருப்புக் காலம். மொச்சையை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்து, அந்தப் பருப்பில் வைக்கிற குழம்பு. வீட்டில் செய்தால் குடும்பமே உட்கார்ந்து பிதுக்க வேண்டும், விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போகும். இங்கே தட்டில் ராகிக்களி உருண்டையை வைத்து, நடுவில் கரண்டியால் ஒரு குழி போட்டு, அதில் அந்தக் குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை களியை மென்றான். பரிமாறின அம்மா நின்று பார்த்துவிட்டு, "மெல்லக் கூடாது கண்ணு, கிள்ளிக் குழம்புல பொரட்டி அப்படியே முழுங்கணும்" என்றார். தருமபுரியில் பிறந்தவனுக்குக் களி தின்ன இன்னொருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. எனக்குத்தான் மானம் போயிற்று.

வயிறு நிறையக் களியைப் போட்டுக்கொண்டு வெயிலில் மலையேறுவது புத்திசாலி செய்கிற காரியம் இல்லை. தை மாசக் காற்றுக் குளிராக இருந்ததால் பிழைத்தோம்.

கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம். அடிவாரத்தில் வழக்கமான அந்த நீலப் பலகை நிற்கிறது, 1958-ம் வருஷச் சட்டத்தோடு. கொஞ்ச தூரம் படி, அப்புறம் பாறையிலேயே வெட்டின படி, அப்புறம் படி மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். நடுவில் கல் வாசல்கள். ஒரு வாசல் நிழலில் ஆடு மேய்க்கிற பாட்டி ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆடுகளைத் தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"எங்கிருந்து வர்றீங்க கண்ணு?"

"தருமபுரிங்க. மேல என்னங்க பாட்டி இருக்கு?"

"என்ன இருக்கு? காத்து இருக்கு."

சொன்னது சரிதான். மேலே இடிந்த சுவர்கள், காரை உதிர்ந்த கட்டடங்கள், பாசி பிடித்த சுனை, சுவரெல்லாம் காதலர் பெயர்கள், அப்புறம் காற்று. இந்தப் பாறைக்கு எதற்கு இத்தனை சுவர் என்று கீழே இருக்கும்வரை எனக்கும் தோன்றியது உண்டு. உச்சியில் நின்றதும் பதில் கிடைத்துவிட்டது. பாலக்கோட்டுப் பக்கம் நிலம் தாழ்ந்து கிடக்கிறது. ஓசூர்ப் பக்கம் மேடு. பாராமகால் என்று அந்தக் காலத்தில் சொன்ன நம் சீமையிலிருந்து மைசூர் மேட்டுக்கு ஏறுகிற வழிகளில் ஒன்று இந்த மலையின் காலடியில்தான் போகிறது. மேலே உட்கார்ந்திருப்பவனைக் கேட்காமல் ஒரு மாட்டுவண்டி தாண்ட முடியாது.

ஹைதர் அலியிடமும் பிறகு திப்பு சுல்தானிடமும் இருந்த கோட்டை இது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், மேஜர் கௌடி தலைமையில் வந்த படை முற்றுகையிட, கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. அந்த வருஷம் பெங்களூரைப் பிடித்து வைத்திருந்த கம்பெனி கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபுவின் கவலையெல்லாம் சோற்றுக் கவலை. கீழ்நாட்டிலிருந்து தானியமும் மாடும் தடங்கல் இல்லாமல் மேலே வந்தாக வேண்டும். அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலே கம்பெனிக்குப் போனது. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸ் திப்புவின் மேல் கடைசிப் படையெடுப்புக்குப் போனதும் இராயக்கோட்டை வழியாகத்தான். பல்லாயிரம் மாடுகள் மூட்டை சுமந்து கூடவே போயிருக்கின்றன.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை, "அப்போ இது கோட்டை இல்ல மாமா, டோல்கேட்" என்றான். மறுக்க முடியவில்லை.

கீழே குனிந்து பார்த்தால் தக்காளித் தோட்டங்கள், குச்சி நட்டுக் கயிறு கட்டின வரிசைகள், அங்கங்கே வெள்ளையாகப் பசுமைக்குடில்கள். நடுவில் என் ரயில் பாதை. இந்தப் பக்கம் முதலில் ஓடியது இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் வந்தது, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. 1941-ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, நிறுத்திவிட்டார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரிய ரயில் ஒன்று மலையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு நிமிஷம். எந்த சன்னலிலாவது என்னை மாதிரி ஒருவன் இந்த மலையைப் பார்த்து "ஒருநாள் இறங்கணும்" என்று நினைத்திருப்பான் என்று கை காட்டினேன். பக்கத்தில் நின்றவன் வெட்கத்தில் கொஞ்சம் தள்ளிப் போனான்.

இறங்கும்போது பாதி வழியில் அவன் செருப்பு வார் அறுந்துவிட்டது. பாறை அதற்குள் நன்றாகக் காய்ந்திருந்தது. ஒற்றைக்காலில் குதித்துக் குதித்து வந்தான். பாட்டி பார்த்துச் சிரித்தார், ஆடுகளும் தலையைத் தூக்கிப் பார்த்தன. கடைத்தெருவில் செருப்புத் தைக்கிறவர் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது மலைக்குப் போடற செருப்பே இல்லப்பா" என்று மூன்று தையல் போட்டார். இருபது ரூபாய்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்ததால் தக்காளி மண்டிப் பக்கம் போனோம். மலையில் பார்த்ததைவிட இங்கே அதிக நேரம் நின்றுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏலம் காலையிலேயே முடிந்துவிட்டது. பிளாஸ்டிக் கிரேட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கி நின்றன, லாரிகளில் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் ஓர் அக்கா தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கண் எங்களைப் பார்க்கிறது, வாய் பக்கத்து ஆளிடம் கன்னடத்தில் பேசுகிறது, கை மட்டும் தனியாக ஓடுகிறது. காம்புப் பக்கம் இன்னும் பச்சை இருக்கிற காய் ஒரு கிரேட்டில். முழுச் சிவப்பு இன்னொன்றில். கீறல் விட்டது காலடியில்.

"பச்சையா இருக்கறத ஏன்க்கா தனியா போடறீங்க?"

"அது கேரளாவுக்கு. போய்ச் சேர்றதுக்குள்ள வண்டியிலயே பழுத்துக்கும். சிவப்பு இங்கயே, ஓட்டலுக்கு."

ரேட்டு கேட்டேன். இருபத்தஞ்சு கிலோ கிரேட் முந்நூற்றைம்பது. அதாவது கிலோ பதினாலு. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டினபோது ஊரே தக்காளிக்காரர்களைப் பொறாமையோடு பார்த்தது. நாலைந்து ரூபாய்க்கு இறங்கினால் பறிக்கிற கூலிக்கே கட்டாது, தோட்டத்திலேயே விட்டுவிடுவார்கள். "லாட்டரி மாதிரிங்க" என்றார் பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த விவசாயி. "ஒரு தடவ அடிச்சா, அந்த ஆசையிலயே நாலு தடவ நடறோம்." இந்தத் தடவை என்னாயிற்று என்று கேட்க வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

கிரேட் கணக்கில்தான் வியாபாரம் என்றாலும், கேட்டதற்காக மூன்று கிலோவை ஒரு பையில் போட்டு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஸ்டேஷனில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தோம். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கி, கோட்டைச் சுவர் மட்டும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. மாப்பிள்ளை போனை எடுத்து ஒரே ஒரு படம் எடுத்தான். செருப்பை.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அக்கா பையைத் தூக்கிப் பார்த்தாள். "எவ்வளவு?"

"அம்பது. மண்டியிலயே வாங்கினதுக்கா, காலைல பறிச்சது."

"மூணு கிலோ அம்பதா? உழவர் சந்தையில கிலோ பதினஞ்சுடா. ரயிலேறிப் போய் ஏமாந்துட்டு வந்திருக்கீங்க ரெண்டு பேரும்."