முதலில் ஹீட்டர் வாங்கியதுதான் தப்பு

போன குளிர்காலத்துக் கரண்ட் பில் வந்தபோது என் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டிவிட்டார், அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பார்த்து இந்த வருஷம் குளிர் தொடங்குவதற்கு முன்பே வீட்டைத் தயார் செய்துவிடுவது என்று இறங்கினேன். ஆரம்பித்த இடம்தான் தப்பு. நேராகக் கடைக்குப் போய் இன்னொரு ஹீட்டர் வாங்கினேன்.

"இது ஆயில் ஹீட்டர், கரண்டே இழுக்காது" என்றார் விற்பனையாளர். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 2000 வாட். ஏற்கெனவே வைத்திருந்த ஃபேன் ஹீட்டரும் 2000 வாட்தான். முழு வேகத்தில் ஓடினால் இரண்டுமே மணிக்கு 2 யூனிட் சாப்பிடும், இரண்டும் தருகிற சூடும் ஒன்றுதான். ஒன்று சட்டென்று சுட்டு சட்டென்று ஆறும், மற்றது மெதுவாகச் சுட்டு மெதுவாக ஆறும், வித்தியாசம் அதோடு சரி. கம்பிச்சுருள் வைத்த எந்த ஹீட்டருக்கும் இதே கதை. உள்ளே போகிற கரண்டைவிட அதிகமாகச் சூடு தருவது ஹீட் பம்ப்தான், அதாவது திருப்பி ஓட்டக்கூடிய ஏசி. அது வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உள்ளே இழுத்து வருகிறது. அது உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் அதை ஓட்டுங்கள்.

அந்த ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியது அடுத்த முட்டாள்தனம். மூன்றாம் நாள் மீன் கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை. எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போனால், பாக்ஸில் ப்ளக் செருகிய இடம் பழுப்பு நிறமாகி இளகிப்போயிருக்கிறது. 230 வோல்ட் லைனில் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், மணிக்கணக்கில். மலிவான பாக்ஸ் தாங்காது. ஹீட்டரைச் சுவர் சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள்.

இரண்டு ஹீட்டர் ஓடியும் கால் ஜில்லென்றே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் வந்து உட்கார்ந்தவர், "ஓட்டைப் பானையில எத்தனை குடம் ஊத்துவீங்க தம்பி?" என்று கேட்டார். ஊதுபத்தி ஒன்று கொளுத்தச் சொன்னார். காற்றடிக்கிற நாளாகப் பார்த்து, எல்லா ஜன்னலையும் சாத்தி, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு ஊதுபத்தியோடு சுற்றினோம். ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளுவதால், எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே வரும், நேராக எழும்புகிற புகை அங்கே வந்ததும் ஒடியும். ஜன்னல் ஓரம்தான் மோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே புகை லேசாக ஆடியது. வாசல் கதவின் அடியில் படுத்தேவிட்டது. வெளிச்சுவரில் இருந்த ஒரு ஸ்விட்ச் பெட்டியிலிருந்துகூடக் காற்று வந்தது. பரணுக்குப் போகிற மூடியிடம் ஃபேனை நிறுத்திவிட்டுக் காட்டினால், புகை மேலே இருக்கிற சந்தில் அப்படியே நுழைந்து மறைகிறது. சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும், போன இடத்தை நிரப்பக் கீழே கதவடியில் குளிர்காற்று வரும். என் கால் ஏன் ஜில்லிட்டது என்று அன்றுதான் புரிந்தது.

சரி, சந்தை அடைப்போம் என்று ஒட்டும் ஃபோம் பட்டை வாங்கப் போனேன். எதையும் அளக்கவில்லை. தடிமனாக இருந்தால் நல்லதுதானே என்று 10 மில்லிமீட்டர் வாங்கி, கதவு நிலையைச் சுற்றிலும் ஒட்டி முடித்தேன். கதவு சாத்தவே இல்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினால் தாழ்ப்பாள் வளைகிறது. என் கதவில் இருந்த இடைவெளியே 3 மில்லிமீட்டர்தான்! ஒட்டியதைப் பிய்க்க ஒரு மாலை, பிசினைச் சுரண்ட இன்னொரு மாலை. மறுபடி போய் 5 மில்லிமீட்டரில் ஒரு சுருள் வாங்கி வந்தேன், அது 40 சென்டிமீட்டர் குறைந்தது. ஆக மூன்று தடவை அலைந்தேன். அந்த இரண்டாவது சுருளும் மூன்று நாளில் ஒரு பக்கம் தொங்கியது, ஏனென்றால் நிலையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் ஒட்டியிருந்தேன்.

நீங்கள் அலையாமல் இருக்க: குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணைச் சின்ன உருண்டையாக்கி, பாலித்தீனில் சுற்றி, நிலையில் வைத்துக் கதவைச் சாத்தித் திறங்கள். நசுங்கின தடிமன்தான் உங்கள் இடைவெளி, பட்டை அதைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். மேலே, கீழே, தாழ்ப்பாள் பக்கம் என்று மூன்று இடத்தில் பாருங்கள், இடைவெளி ஒரே மாதிரி இருக்காது. உயரம் இரண்டு தடவை, அகலம் ஒரு தடவை, அதற்குமேல் அரை மீட்டர் சேர்த்து வாங்குங்கள். ஒட்டுகிற இடம் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும், ரொம்பக் குளிர்கிற நாளில் பிசின் பிடிக்காது. ஒட்டிய பிறகு ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் அங்கே இன்னும் சந்து இருக்கிறது.

வீணாகப் போன அந்த 10 மில்லிமீட்டர் பட்டையில் கொஞ்சம் ஒட்டாமல் மிச்சம் இருந்தது. பரண் மூடியின் விளிம்பில் வைத்துப் பார்த்தேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. மூடிக்கு மேலே ஒரு பழைய ரஜாயை மடித்துப் போட்டேன். இதற்கு ஆன செலவு பூஜ்யம், வீட்டில் பெரிய மாற்றம் தெரிந்ததும் இதில்தான்.

ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் படலம் ஒட்டி ஹேர் டிரையரால் இழுக்க வைத்தது ஒரு மணி நேர வேலை, தொந்தரவில்லை. கதவடிக்கு, பழைய பேன்ட் காலில் கந்தல் அடைத்துப் போட்டோம். தெர்மாமீட்டரில் 15 காட்டிய ஹால் ஒரே ஹீட்டரில் 18-க்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்கட்டும் என்கிறது, வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால் இன்னும் கூடுதலாக. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன், ஒரு வாரம்.

அப்புறம் காலையில் எழுந்தால் படலம் ஒட்டாத படுக்கையறைக் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் மிளகைத் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள். உற்சாகத்தில் குளியலறை வென்டிலேட்டரையும் டேப் போட்டு அடைத்திருந்தேன், துவைத்த துணியை ஹாலிலேயே காயப்போட்டோம். ஒரு தடவை மெஷினில் போட்டு எடுத்த துணி சுமார் 2 லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடும், அது போய் உட்கார இடம் குளிர்ந்த சுவர்தான். டேப்பைப் பிய்த்தேன். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஓடுகிறது. காலையிலும் மாலையிலும் படலம் ஒட்டாத ஜன்னல்களைப் பத்து நிமிஷம் அகலத் திறந்து சாத்துகிறோம். சூடு போய்விடாதா என்று மனைவி கேட்டார். காற்று மாறும், ஆனால் சுவரிலும் சாமான்களிலும் ஏறிய சூடு பத்து நிமிஷத்தில் போய்விடாது, சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஈரப்பதம் இப்போது 55 சதவீதம் காட்டுகிறது. 40-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை.

இதில் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேஸ் கீசர், விறகடுப்பு என்று ஏதாவது எரிகிற அறையில் காற்றுவழியை ஒருபோதும் அடைக்கக் கூடாது. கரித்தணலை உள்ளே கொண்டுவரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மெழுகுவர்த்திமேல் பூந்தொட்டியைக் கவிழ்த்து அறையைச் சூடாக்கும் வீடியோவைப் பார்த்து நானும் ஒரு தடவை செய்தேன். தொட்டி கரி பிடித்ததுதான் மிச்சம். ஒரு மெழுகுவர்த்தி தருவது ஹீட்டர் தருகிற சூட்டில் இருபதில் ஒரு பங்குகூட வராது, தொட்டி அதைக் கூட்டித் தரவும் போவதில்லை.

ராத்திரிக்கு இப்போது ஹீட்டரே போடுவதில்லை. மின்போர்வை சுமார் 100 வாட். ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் தின்கிற கரண்டில் அது 20 மணி நேரம் ஓடும். படுப்பதற்கு அரைமணி முன்னால் போட்டு, படுத்ததும் அணைத்துவிடுகிறோம்.

பாக்கி இருப்பது குளியலறை ஜன்னல். கொக்கி உடைந்து ஒரு விரல் அகலம் திறந்தே நிற்கிறது. வீட்டு உரிமையாளரிடம் முதல் தடவை சொன்னபோது "இன்னும் குளிரே வரலையே" என்றார், அடுத்த தடவை ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மூன்று வாரமாயிற்று, ஒரு பழைய துண்டைச் சுருட்டிச் செருகி வைத்திருக்கிறோம்.