தண்ணீர் நிறுத்தும் மாதங்கள்

மார்ச் 11

பிசான அறுவடை முடிந்து ஆலைகளில் உமி குவிந்து கிடக்கிறது. என் பூக்கிழங்குத் தொட்டிகளுக்கு வருடம் முழுக்க வேண்டிய உமிக்கரியை இந்த மாதமே போட்டு வைத்துவிடுவேன். ஆலைக்கார அண்ணாச்சி மூட்டைக்குக் காசு வாங்கமாட்டார். பதிலுக்கு ஏதாவது கேட்பார். இன்று கேட்டது: “வெங்காயம் மாதிரி இருக்கிற ஒன்றுக்கு இவ்வளவு வைத்தியமா, தங்கச்சி?”

வைத்தியம் கிழங்குக்கு இல்லை, எங்கள் தண்ணீருக்கு. பாளையங்கோட்டையில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் இரண்டே மாதத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்துவிடும். ஆகவே தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் பிடித்துவைத்த நீர்தான் கிழங்குகளுக்கு. மண் கலவையிலும் தண்ணீர் நிற்கக் கூடாது: செம்மண் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. உமியைக் கருக்கும்போது சாம்பலாக விடாமல் கறுப்பாக இருக்கையிலேயே தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். சாம்பலில் காரம் அதிகம். எங்கள் தண்ணீரில் ஏற்கெனவே அது போதுமான அளவு இருக்கிறது.

சாய்ப்புக்கு அடியில் ஹிப்பியாஸ்ட்ரம் (கடைகளில் அமரில்லிஸ் என்று விற்பது) தொட்டிகளும் பந்து லில்லித் தொட்டிகளும் இலையில்லாமல் மண்ணாகவே நிற்கின்றன. பொங்கலுக்குப் பிறகு அவற்றுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பக்கத்து வளவு மதினி வாரம் ஒரு முறை எட்டிப் பார்த்து, “எல்லாம் போய்விட்டதா?” என்று துக்கம் விசாரிக்கிறார்.

ஏப்ரல் 4

பார்சல் வந்தது. “அபூர்வ நீல அமரில்லிஸ், பிரேசில்” என்று விளம்பரம் செய்தவர் அனுப்பியது. விலையை இங்கே எழுதமாட்டேன். வீட்டிலும் இந்தக் குறிப்பைப் படிக்கிறார்கள்.

பிரித்ததுமே தெரிந்துவிட்டது. உண்மையான நீல அமரில்லிஸின் தாவரப் பெயர் வொர்ஸ்லேயா ப்ரோசெரா. அந்தப் பேரினத்தில் இருப்பது அந்த ஒரே இனம். ரியோ டி ஜெனீரோ மாநிலத்தில் பெட்ரோபோலிஸ் நகரை ஒட்டிய மலைகளில், அருவிச் சாரல் படும் செங்குத்தான கருங்கல் பாறைகளில் வளர்வது. கிழங்குக்கு மேல் கழுத்து நீளமாக எழும்பியிருக்கும், இலைகள் அரிவாள் போல ஒரே பக்கமாக வளைந்திருக்கும். செடி எப்போதும் பசுமையாகவே இருக்கும், இலை உதிர்த்து உறங்காது. அதைக் காய்ந்த மரத்தூளில் சுற்றிப் பார்சலில் அனுப்புவது கொலைக்குச் சமம். எனக்கு வந்ததோ கழுத்தே இல்லாத, உருண்டையான, நன்றாக உறங்கிக்கொண்டிருக்கும் கிழங்கு.

படத்தில் நீலத்தைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். அசல் பூவே மையில் தோய்த்த நீலம் இல்லை. ஊதா கலந்த வெளிர்நீலம். விற்பவருக்கு எழுதினேன். “பூத்த பிறகு பேசுவோம் மேடம்” என்று பதில் வந்தது. விதையிலிருந்து பூவுக்குப் பல வருடம் பிடிக்கும் செடியின் பெயரில் விற்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான பதில் கிடையாது.

ஏப்ரல் 25

நேற்று முன்னிரவில் கோடை மழை. இடியோடு முக்கால் மணி நேரம். காலையில் ஒன்றும் இல்லை. இன்னும் மூன்று நான்கு நாள் பொறுத்தால் மழை லில்லிகள் தலை காட்டும்.

ஏப்ரல் 29

காட்டிவிட்டன. மஞ்சள், ரோஜா நிறம், இரண்டும் ஒரே காலையில். இடிச் சத்தத்தில்தான் இவை பூக்கும் என்று ஆச்சி சொல்வார். அதில் பாதி உண்மை இருக்கிறது: இடியோடு வரும் மழை, வெந்து கிடந்த மண்ணைச் சட்டென நனைத்துக் குளிர்வித்துவிடுகிறது. தினமும் வாளித் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த தொட்டியில் இலைதான் மண்டிக் கிடக்கிறது. ஒரு மாதம் கேட்பாரற்றுக் கிடந்த தொட்டியில் மண்ணே தெரியவில்லை, அவ்வளவு பூ.

இதை மெனக்கெட்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. கிழங்குச் செடி வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றே கேட்கிறார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒவ்வொரு கிழங்கும் தான் பிறந்த ஊரின் வறட்சியைத் தன்னோடு கொண்டுவருகிறது. அந்த வறட்சியை நாம் இங்கே கொடுத்தால்தான் அது மழையை நம்புகிறது.

பந்து லில்லித் தொட்டி ஒன்றில் முளையின் மூக்கு மண்ணை முட்டியிருக்கிறது. தண்டின் அடியில் செம்புள்ளிகள்.

மே 7

பந்து விரிந்துவிட்டது. வளவிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டார்கள், தொட்டும் பார்த்துவிட்டார்கள். ஒரு பந்தில் 200 சிறு பூக்கள் வரை இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஆறு மெல்லிய இதழ்களும் ஆறு கேசரங்களும் நீட்டிக்கொண்டிருப்பதால் முழுதும் சேர்ந்து சிவப்புப் பந்தாகத் தெரிகிறது. ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள். பிறகு இலை எழும்பி, மழைக்காலம் முழுவதும் அடுத்த வருடத்துக்கான பூவைக் கிழங்குக்குள் கட்டிக்கொண்டிருக்கும்.

சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவிலும் அரேபியத் தீபகற்பத்திலும் வளர்வது இது. 1795-இல் தாமஸ் மார்ட்டின் இதை ஹீமாந்தஸ் என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். 1838-இல் ரஃபினெஸ்க் ஸ்கேடாக்ஸஸ் என்று தனியே பிரித்தார். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. 1976-இல் ஃப்ரீஸ், நோர்டல் என்ற இரு தாவரவியலாளர்கள் ரஃபினெஸ்க் பிரித்தது சரிதான் என்று நிறுவிய பிறகே அந்தப் பெயர் நிலைத்தது. நம் ஊர் நாற்றுப் பண்ணைகளில் இன்னும் ஹீமாந்தஸ்தான். பண்ணைக்காரர்களைத் திருத்துவது என் வேலை இல்லை.

மதினியின் ஆடு இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கிழங்கு நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவவும் மீன் பிடிக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மதினிக்கு அதற்குப் பிறகு இந்தப் பூவின் மேல் மரியாதை கூடிவிட்டது.

மே 19

“நீல அமரில்லிஸ்” பூத்துவிட்டது. செங்கல் சிவப்பு, நடுவில் வெளிறிய நட்சத்திரம். எங்கள் தெருவில் மூன்று வீட்டு வாசலில் இதே பூ நிற்கிறது. படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. பூ மட்டும் அருமையாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் 2

இரவு டார்ச் அடித்துக்கொண்டு புழு வேட்டை. லில்லிப் புழு என்று நாங்கள் சொல்லும் பாலிடெலா குளோரியோசே. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளுமாக, தன்னைத் தின்ன வருபவரை எச்சரிக்கும் வேடம். தாய் அந்துப்பூச்சியும் அழகு: கறுப்பு, சிவப்பு, மஞ்சள் சித்திரம். செங்காந்தளின் தாவரப் பெயரான குளோரியோசாதான் இதன் பெயரிலேயே இருக்கிறது; ஆனால் ஹிப்பியாஸ்ட்ரம், விஷமூங்கில் (கிரைனம் பேரினத்துச் செடி) எதையும் விடாது. ஆட்டுக்கு நஞ்சான இலை இதற்கு விருந்து. ஒரு கூட்டம் இரண்டு இரவில் இலையை முடித்துக் கழுத்துக்குள் இறங்கிவிட்டால் கிழங்கு அழுகும்.

வேப்பெண்ணெயை சோப்புத் தண்ணீரில் கலந்து தெளிப்பது குஞ்சுப் புழுக்களுக்குச் சரி. பெரியவற்றைக் கையால்தான் பொறுக்க வேண்டும். இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகள் கும்பலாக இருக்கும். அவற்றைப் பகலிலேயே நசுக்கிவிட்டால் ராத்திரி வேலை மிச்சம்.

ஜூன் 23

தென்காசியில் அக்காள் வீட்டில் இரண்டு நாள். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. சாரல் நிற்பதும் இல்லை, முழு மழையாகப் பெய்வதும் இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் இதே காற்றுதான் பாளையங்கோட்டைக்கு வரும்போது ஈரத்தை எல்லாம் இழந்து, துணியையும் இலையையும் ஒரே மாதிரி உலர்த்துகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். செடிக்கு அது வேறு கண்டம்.

அதற்குச் சாட்சி யூக்காரிஸ். மேற்கு அமேசானில், பெரு நாட்டு மலையடிவாரக் காடுகளின் நிழலில் வளர்வது. தூய வெள்ளை, தலை கவிழ்ந்த பூ, நடுவில் பச்சை படர்ந்த சிறு கிண்ணம், மணம் உண்டு. ஒரே குத்தைப் பிரித்து இருவரும் வைத்துக்கொண்டோம். அக்காள் வீட்டுச் செடியின் இலை ஒவ்வொன்றும் கையகலம், எண்ணெய் பூசிய பளபளப்பு; பூ இல்லை. என் செடி இலை ஓரம் காய்ந்து, பார்க்கப் பரிதாபமாக நிற்கிறது, பூக்கிறது.

“நீ ஏதோ மருந்து வைத்துவிட்டு என்னிடம் மறைக்கிறாய்,” என்றாள் அக்காள்.

மருந்து எங்கள் ஊர்க் காற்றுதான். யூக்காரிஸ் இலை உதிர்த்து உறங்கும் செடி இல்லை. ஆனால் சில வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் துவளும்வரை விட்டு, பிறகு நிறைய ஊற்றினால் பூந்தண்டு எழும்பும். சாரலில் நிற்கும் செடிக்கு அந்தக் குறைவே தெரியவில்லை. தொட்டியைத் தார்சாவுக்குள் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன். அக்காள் மனம் பொறுக்காமல் தண்ணீர் ஊற்றிவிடுவாள் என்பதும் தெரியும்.

திரும்பும் வழியில் ஜாதிக்காய் வாங்கினேன். கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தது 200 வருடத்துக்கு முந்திய கதை. எந்தச் செடிக்கு எந்த ஈரம் என்று அவர்களும் கணக்குப் போட்டிருக்கிறார்கள், வேறு லாபத்துக்காக.

ஜூலை 30

ஆடி. வேலியில் செங்காந்தள் முளை ஆளுயரம் ஏறிவிட்டது. கொம்பு தேவையில்லை, இலையின் நுனியே சுருண்டு எதையாவது பிடித்துக்கொள்கிறது. மாநில மலர் என்று பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் கிழங்கைப் பற்றிப் புத்தகம் சொல்லாத ஒன்று: கவட்டை வடிவக் கிழங்கின் ஒவ்வொரு கரத்து நுனியிலும் ஒரே ஒரு முளைப்புள்ளி. அது ஒடிந்தால் அந்தக் கரம் முளைக்காது. கூரியரில் வரும் கிழங்குகளில் நுனி உடைந்தவைதான் நிறைய.

பூவில் சூல்தண்டு செங்கோணமாகப் பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்துக்கு எட்டாமல் விலகி நிற்கும். பூச்சி வராவிட்டால் காய் பிடிப்பது குறைவு. திண்டுக்கல் பக்கம் விதைக்காகப் பயிரிடுபவர்கள் காலையில் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதையில் இருக்கும் கொல்கிசின் கீல்வாதத்துக்கு மருந்து; அளவு மீறினால் உயிரையே எடுக்கும். கண்வலிக்கிழங்கு என்று பெயர் இருக்கிறதே என்று யாரும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம். நான் கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

தெரிந்தவர் ஒருவர் கேட்டார்: பாபநாசத்துக்கு மேலே காட்டில் அபூர்வக் கிழங்குகள் கிடைக்குமாமே, ஆள் வைத்து எடுத்துத் தரட்டுமா? களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கே மண்ணில் கை வைப்பது குற்றம். சட்டம் இருக்கட்டும், காட்டில் பறித்த கிழங்கு பெரும்பாலும் தொட்டியில் பிழைப்பதும் இல்லை. பணம் கொடுத்தால் அபூர்வம் கிடைத்துவிடும் என்ற நினைப்பில்தான் நீலப் படம் விற்பவரும் பிழைக்கிறார், காட்டைத் தோண்டுபவரும் பிழைக்கிறார். கேட்டவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் கோணியது.

செப்டம்பர் 12

விஷமூங்கில் காய் வெடித்து, எலுமிச்சை அளவில் ஒரு விதை. இதற்கு விதைத்தோல் கிடையாது. காயவைத்து எடுத்துவைக்க முடியாது. ஜன்னல் திட்டில் போட்டேன். மண்ணும் தண்ணீரும் இல்லாமலே வேர் நீட்டிவிட்டது. கடலில் மிதந்து கரை சேரும் விதை. இவ்வளவு தைரியம் இல்லாமல் இருக்குமா?

அக்டோபர் 24

வடகிழக்குப் பருவமழை. ஹிப்பியாஸ்ட்ரம் தொட்டிகளைச் சாய்ப்புக்குள் தள்ளிவிட்டேன். நம் ஊரில் இந்தக் கிழங்குகளுக்கு எதிரி மே மாத வெயில் இல்லை, ஐப்பசியின் அடைமழை.

2023 டிசம்பர் 17, 18 மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குள் வந்தது. அங்கே இருக்கும் தோழியின் தோட்டம் முழுகிக் கிடந்தது. வெள்ளம் வடிந்த பிறகு இருவரும் உட்கார்ந்து கிழங்குகளைக் கழுவினோம். ஹிப்பியாஸ்ட்ரத்தில் பாதிக்கு மேல், வேர் விடும் அடித்தட்டு பழுப்பேறி நாறியது. அழுகலை வெள்ளை தெரியும்வரை சீவி, கரித்தூள் தடவி, நிழலில் உலர்த்தியவற்றில் சில பிழைத்தன. விஷமூங்கில்கள் மேலே சேறு அப்பியபடி ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றன. கிரைனம் இனங்களில் பல, ஆற்றோரச் சேற்றிலேயே வாழ்பவை. அவற்றுக்கு அது வெள்ளமே இல்லை. அந்த வீட்டில் இப்போது தரையில் கிரைனம், மாடியில் ஹிப்பியாஸ்ட்ரம்.

நவம்பர் 28

பந்து லில்லி இலை மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. வெட்டக் கூடாது, இலையில் மிச்சம் இருப்பது கிழங்குக்கு இறங்கட்டும். தானாகக் காய்ந்ததும் தண்ணீர் நின்றுவிடும், சித்திரை வரை.

பக்கக் கிழங்குகளைப் பிரித்தேன். தோழிக்கு இரண்டு, ஆலை அண்ணாச்சிக்கு ஒன்று. அக்காளிடமிருந்து யூக்காரிஸ் பூவின் படம் வந்திருக்கிறது, ஒரு சொல்லும் இல்லாமல். மதினியும் பந்து லில்லி ஒன்று கேட்டார். வாழைக்குக்கூட இரண்டு வேளை ஊற்றுபவர் அவர்; தயங்கினேன். தொட்டியில் பெயர் எழுதி, கூடவே “கோடை மழை வரை தண்ணீர் வேண்டாம்” என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மதினி வாசித்துவிட்டுச் சொன்னார்: “ஒன்றும் செய்யாமல் செடி வளர்க்க வேண்டும் என்றால் எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடலாம். அவருக்கு அது நன்றாக வரும்.”